அருஞ்சொல்லும் எடுத்துக்காட்டுத் தொடரும்: ‘தாங்கல்’ என்னும் சொல்லை முன்வைத்து

ஒரு சொல்லின் பொருள் யாது என வினவுவார்க்கு மூவகையான் விடையிறுக்கலாம். அதனோடு ஒத்த பிறிதொரு சொல்லைக் கூறுதல் ஒருவகை. அச்சொல்லாற் குறிக்கப்படும் பொருளின் இயல்பை விரித்துரைத்தல் மற்றொரு வகை. அச்சொல்லை ஒரு தொடரில் அமைத்துக் காட்டுதல் மூன்றாம் வகை. இம்மூன்றனுள் முதலிரண்டும் அகராதியின் முதன்மையான தொழிலென்றும், மூன்றாவது கற்பார்க்கு உதவும் அணிகலமே என்றும் கருதுவார் பலர். இக்கருத்துப் பொருந்துவதன்று என்பதும், அருஞ்சொற்களைப் பொறுத்தவரை எடுத்துக்காட்டுத் தொடரே பொருளின் உறைவிடம் என்பதும், அத்தொடர் பிழைபடின் சொல்லின் பொருளே பிழைபடும் என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்பெறும். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சொல் ‘தாங்கல்’ என்பது. சென்னையின் தென்புறத்தே வாழ்வார் ஒவ்வொருவரும் நாள்தோறும் கேட்கும் சொல் இது. எனினும் பொருளறிந்து ஆள்வார் மிகச் சிலரே.

1. இலக்கணம் வகுத்த நெறி

அருஞ்சொற்களை விளக்கும் முறையைப்பற்றி முதன்முதலிற் சிந்தித்தவர் தொல்காப்பியர். சொல்லதிகாரத்தின் எட்டாம் இயலாகிய உரியியல் இதற்கென்றே அமைந்தது எனலாம். வழக்கிற் பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்திப் பொருளுணர்த்துக என்பது அவர் கூறும் முதல் நெறி. உறு, தவ, நனி என்பன மிகுதிப் பொருளன என்றும், மல்லல் என்பது வளமென்றும் அவர் உரைப்பது இந்நெறி பற்றியே. ஆயின் அவர் அவ்வளவில் நின்றாரல்லர். ஒரு சொல்லின் இருமருங்கும் நிற்கும் சொற்களை ஆராய்ந்தே அதன் பொருளைத் துணியவேண்டும் என்பதனையும் அவ்வியலிலேயே உணர்த்துகின்றார். விளக்கத்திற்கு மேலும் விளக்கம் கேட்டுச் செல்வார்க்கு எல்லை இராது என்பதும் அவர் கருத்து.

இக்கருத்துக்கள் ஒன்றையொன்று நிறைவுசெய்வன. பயின்ற சொல்லாற் பொருள் கூறுதல் தொடக்கமேயன்றி முடிவன்று. எல்லாச் சொற்கும் சொல்லாலேயே பொருள் கூறிக்கொண்டு போதல் இயலாது. ஆகவே ஓரிடத்தில் நின்று, அச்சொல் வாழும் சூழலைக் காட்டவேண்டும். ‘கடி’ என்னும் சொல் இதற்கு நல்ல சான்று. காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, அச்சம், மிகுதி, சிறப்பு முதலாகப் பல பொருள்களை அதற்குத் தொல்காப்பியர் கூறுகின்றார். இப்பட்டியலை மனப்பாடம் செய்த மாணவன் கடிநகர் என்பதில் எப்பொருள் கொள்வான்? காவலையுடைய நகர் என்பதா, சிறப்புடைய நகர் என்பதா, அச்சந்தரும் நகர் என்பதா? பட்டியல் அவனுக்கு உதவாது. முன்னும் பின்னும் நிற்கும் சொற்களே உதவும். 

இதனை நன்குணர்ந்தவர் உரையாசிரியர். இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார் ஆகியோர் உரியியல் நூற்பாக்கட்கு உரைகூறுங்கால் சான்றோர் செய்யுட்களிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்தே செல்கின்றனர். இலக்கணம் கூறியதற்கு இலக்கியம் காட்டுதல் அவர்தம் மரபு. தாமே ஒரு தொடரைப் படைத்துக் காட்டுதல், வேற்றுமை, வினை முதலிய பொதுவிலக்கணங்களை விளக்குமிடத்தே அவர்பால் உண்டு. சாத்தன் வந்தான், கொற்றன் உண்டான் என்றாற்போல வருவன அவ்வகையின. அவ்விடங்களிற் சொற்கள் எளியன, விளக்கப்படுவது அமைப்பே. சொல்லே அரிதாயவிடத்து அவர் தம் கற்பனையை நம்பாது வழக்கையே நாடினர். இவ்வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது.

2. நிகண்டு முதல் பேரகராதி வரை

நிகண்டுகள் எடுத்துக்காட்டை விடுத்தன. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் மனப்பாடத்திற்கென்று எழுந்த செய்யுள் நூல்களாதலின், பெயரையும் பொருளையும் செறித்து அடுக்கினவேயன்றி, ஒரு சொல் எவ்விடத்து எவ்வாறு ஆளப்பெறும் என்பதனைக் கூற அவற்றிற்கு இடமில்லை. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி சொற்களை அகரவரிசையில் நிறுத்தி, பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாகப் பகுத்தது பெரும்புரட்சியே. ஆயினும் எடுத்துக்காட்டு வகையில் அது நிகண்டின் வழியே நின்றது. 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதி கூட்டுச்சொற்களை மிகுதியாகத் திரட்டித் தந்தது. ஒரு சொல் எவ்வெச்சொற்களோடு கூடும் என்பதனை அது ஓரளவு காட்டிற்று.

எடுத்துக்காட்டு நெறியை அகராதிக்குள் முழுமையாகக் கொணர்ந்த பெருமை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கே உரியது. 1913-இற் சாந்தலர் என்பார் தலைமையில் தொடங்கி, 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளையவர்கள் பதிப்பாசிரியராயிருந்து நிறைவுசெய்த அவ்வகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர் அநுபந்தமும் சேர்ந்தது. ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள் உள்ளன. இலக்கியச் சொற்களுக்குப் பொருளோடு நூன்மேற்கோளும் தந்து, மேற்கோளின் இடத்தையும் குறித்திருத்தல் அதன் தலையாய சிறப்பு. கூறும் பொருளை ஐயுறுவார் மூலநூலைப் புரட்டித் தாமே ஆராய்ந்து முடிவு செய்யலாம். அறிவுலகில் இதனினும் நேர்மையான முறை வேறில்லை.

மேலைநாட்டிலும் இந்நெறி மெல்லவே வளர்ந்தது. 1755-இல் சான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதி ஆசிரியர் பலரின் மேற்கோள்களைத் தந்தது. ஆயின் அவர் அவற்றை இடத்திற்கேற்பச் சுருக்கியும் மாற்றியும் கொண்டார். 1884-இல் முதற்பகுதியும் 1928-இல் இறுதிப்பகுதியுமாக வெளிவந்த ஆக்சுபோர்டு அகராதி, தன்னார்வத்தார் பலர் சீட்டுக்களில் எழுதியனுப்பிய மேற்கோள்களைக் காலமுறைப்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் அம்மேற்கோள்களாலேயே புலப்படுத்திற்று. 1987-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துச் சிங்கிளேர் என்பார் தலைமையிற் வெளிவந்த கோபில்டு அகராதி, கற்பாருக்கான அகராதியிலும் ஆசிரியர் தாமே புனைந்த தொடர்களுக்கு இடமில்லை, மக்கள் உண்மையில் எழுதியனவும் பேசியனவுமே எடுத்துக்காட்டாகும் என்னும் கொள்கையை நிலைநாட்ட முயன்றது. தமிழில், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992, 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று பதிப்புக்களாக வெளிவந்து, இக்கால உரைநடைக்கு எடுத்துக்காட்டுத் தொடருடன் பொருள் கூறும் மரபை ஊன்றியது. 

இவ்வளவு வளர்ச்சிக்குப் பின்னும் இடைவெளி ஒன்று எஞ்சி நிற்கின்றது. பேரகராதி இலக்கியச் சொல்லுக்கு மேற்கோள் தந்தது. தற்கால அகராதி பொதுவழக்குச் சொல்லுக்குத் தொடர் தந்தது. இலக்கியத்திலும் பயிலாது, பொதுவழக்கிலும் பயிலாது, ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலார் நாவில் மட்டும் வாழும் சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தருவார் யார்? பேரகராதி அத்தகைய சொற்களை விட்டுவிடவில்லை, தொகுத்தது. ஆயின் பெரும்பாலானவற்றிற்கு இடவழக்கு என்னும் குறி ஒன்றே இட்டு அமைந்தது. யாழ்ப்பாணத்து வழக்கிற்கும் நாஞ்சில்நாட்டு வழக்கிற்கும் தனிக்குறி உண்டு. ஏனைய வட்டார வழக்குக்கள் பல இடவழக்கு என்னும் ஒரே குறியினுள் அடங்கின. எவ்விடத்து வழக்கு, யார் வழக்கு, எத்தொடரில் வரும் என்பன அக்குறியால் விளங்கா. செய்யுளில் ஒருமுறை வந்த சொல்லுக்குச் சான்று உண்டு. பல தலைமுறையாக உழவர் நாள்தோறும் ஆண்ட சொல்லுக்குச் சான்று இல்லை. இது அப்பேரகராதியைத் தொகுத்தோரின் குற்றமன்று. சான்று என்றால் எழுத்துச்சான்றே என்று கருதிய காலத்தின் எல்லை அது. ஆயின் அவ்வெல்லையைக் கடவாதிருத்தல் இன்று நம் குற்றமாகும்.

3. ‘தாங்கல்’: ஒரு சோதனை

கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டு முதல் மின்தொடர்வண்டி ஓடுகின்றது. பரங்கிமலைக்கும் மீனம்பாக்கத்திற்கும் இடையே பழவந்தாங்கல் என்னும் நிலையம் உளது. போரூர்ப் பக்கத்தே ஐயப்பன்தாங்கல் உளது. தெற்கே சென்றால் மதுராந்தகத்தையடுத்து வேடந்தாங்கல் உளது. ‘தாங்கல்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தே இன்னும் பல. 

சில ஆண்டுகட்கு முன், முதுகலை மாணாக்கர்க்குச் சொற்பொருளியல் கற்பிக்குங்கால், ‘தாங்கல்’ என்னும் சொல்லை ஒரு தொடரில் அமைத்து எழுதுமாறு பணித்தேன். அவருட் பலர் பழவந்தாங்கலைக் கடந்தே நாள்தோறும் வகுப்பிற்கு வருவோர். பெரும்பாலார், ‘நண்பர் இருவர்க்கும் இடையே மனத்தாங்கல் ஏற்பட்டது’ என்னும் கருத்துப்படவே எழுதினர். சிலர் ‘சுவருக்குத் தாங்கலாக ஒரு தூண் நிறுத்தினர்’ என எழுதினர். ஒரு மாணவி, ‘தாங்கலில் நீர் நிறைந்துள்ளது’ என எழுதியிருந்தார். அகராதியைப் பார்த்து எழுதியதாக அவர் கூறினார். வகுப்பில் அவரொருவரே ‘சரியான’ விடை எழுதியவர் என யானும் பாராட்டினேன். அப்பாராட்டு முழுதும் தகுவதன்று என்பதனைப் பின்னரே உணர்ந்தேன்.

அவ்வாண்டு மழைக்காலத்தில், முடிச்சூர்ப் பக்கத்தே நிலமுடைய முதியவர் ஒருவருடன் உரையாட நேர்ந்தது. மழையைப்பற்றி யான் கேட்க, அவர் கூறிய விடை இது: “தாங்கல் ரொம்பி கலங்கல் போவுதுங்க, இனிமே ஏரிக்கு ஒரு மழைதான் பாக்கி.” யான் சொல்லாராய்ச்சி செய்வேன் என்பதனை அவர் அறியார். எனக்கு எடுத்துக்காட்டுத் தருதல் அவர் நோக்கமன்று. தம் கழனியின் நிலையைக் கூறுதலே நோக்கம்.

இவ்விரு தொடர்களையும் அருகருகே வைத்து நோக்குக. மாணவியின் தொடரிற் ‘தாங்கல்’ என்பதனை எடுத்துவிட்டுக் குளம் என்றோ, கிணறு என்றோ, தொட்டி என்றோ, குடம் என்றோ வைத்துப் பார்க்கலாம். தொடர் சிறிதும் சிதையாது. ‘குடத்தில் நீர் நிறைந்துள்ளது’ என்பதும் நல்ல தமிழே. அஃதாவது, நீரைக் கொள்ளும் ஏதோ ஒன்று என்னும் அளவிற்கு மேல் அத்தொடர் ‘தாங்கல்’ பற்றி எதனையும் உணர்த்தவில்லை. அகராதி கூறிய பொருளை அது திரும்பக் கூறிற்றேயன்றி, அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

முதியவரின் தொடரில் அவ்வாறு மாற்ற இயலாது. முதலாவதாக, தாங்கல் நிரம்பியபின் கலங்கல் போகின்றது. கலங்கல் என்பது மிகுநீர் வழிந்தோடுதற்கு அமைத்த வாய். ஆகவே தாங்கல் கரையுடையது, கட்டப்பெற்றது என்பது பெறப்படும். கிணறும் குடமும் இங்கு நில்லா. இரண்டாவதாக, தாங்கல் வேறு, ஏரி வேறு. இரண்டினையும் ஒரே தொடரில் எதிரெதிர் நிறுத்துகின்றார். ஆதலின் தாங்கல் என்பது ஏரிக்கு மறுபெயரன்று. மூன்றாவதாக, தாங்கல் முந்தி நிரம்புகின்றது, ஏரிக்கு இன்னும் ஒரு மழை வேண்டும். ஆகவே தாங்கல் ஏரியினும் சிறியது. நான்காவதாக, தாங்கலின் நிலையைக் கொண்டு ஏரியின் நிலை அளக்கப்படுகின்றது. இரண்டும் ஒரே நீரோட்டத்தின் உறுப்புக்கள் என்னும் எண்ணம் அக்கூற்றின் அடியில் உளது. ஒன்பது சொற்களுக்கு மேற்படாத ஒரு பேச்சுத்தொடர் இத்தனை செய்திகளைத் தருகின்றது. ‘பாசனத்திற்குரிய சிறு நீர்நிலை’ என அகராதி எழுதுவது உண்மையே. ஆயின் ‘சிறு’ என்பது எதனினும் சிறியது, ‘பாசனத்திற்குரிய’ என்பது எவ்வாறு என்பனவற்றை இத்தொடரே நமக்குக் காட்டுகின்றது.

இதிலிருந்து எடுத்துக்காட்டுத் தொடர்க்கு ஓர் உரைகல் கிடைக்கின்றது. விளக்கப்படும் சொல்லை நீக்கி அதனோடொத்த பிறசொல்லை வைத்துப் பார்க்குக. தொடர் முன்போலவே நிற்குமாயின், அத்தொடர் அச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாகாது. தொடர் சிதையுமாயின், சிதையும் இடமே அச்சொல்லின் தனிப்பொருள். இதனை ‘மாற்றுச் சோதனை’ எனக் குறிக்கலாம்.

ஈண்டு ஒரு தடையை எழுப்பிக்கொள்ளுதல் கடன். ஒருவர் வாய்மொழியை மட்டும் கொண்டு பொருள் துணியலாமோ? கூடாது. வேறோர் ஊரில் தாங்கலுக்கும் ஏரிக்கும் இடையே அளவு வேறுபாடு இவ்வாறே இருக்கும் என்பதற்கு இத்தொடர் சான்றாகாது. பல ஊர்களில், பலர் வாய்மொழியை, அவர் தொழிலும் ஊரும் ஆண்டும் குறித்துத் தொகுத்த பின்னரே பொதுமுடிபு கூறலாம். யான் இத்தொடரை முடிபாகக் காட்டவில்லை. எத்தகைய சான்று நமக்கு வேண்டும் என்பதற்கு மாதிரியாகவே காட்டுகின்றேன்.

4. பெயர் சான்றாகுமா?

சொல் வழக்கிழந்த பின்னும் ஊர்ப்பெயரில் எஞ்சி நிற்றல் உண்டு. அங்ஙனமாயின் ஊர்ப்பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாமன்றோ எனின், அது இருபுறமும் கூரிய கருவி.

முதலில் அதன் பயனைக் காண்போம். ‘பாக்கம்’ என்பது நெய்தல் நிலத்தூரைக் குறிக்கும் என்பது நிகண்டு நெறி. அகப்பொருள் இலக்கணமும் பட்டினத்தோடு பாக்கத்தை நெய்தற்கே உரியதாக்கும். ஆயின் மாடம்பாக்கம், ஊரப்பாக்கம், கோவிலம்பாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகரூர்கள் கடலைச் சாராதன. ஏரியையும் கழனியையும் சார்ந்தன. செய்யுள் மேற்கோளை மட்டும் கொண்டார்க்குப் பாக்கம் கடற்கரையூர். நிலத்தை நடந்து கண்டார்க்கு அதன் பரப்புப் பெரிது. இலக்கியச் சான்றின் எல்லையை ஊர்ப்பெயர்ச் சான்று விரித்துக் காட்டுமிடம் இது.

அதன் இடர்ப்பாடு வேடந்தாங்கலிற் காணப்படும். பறவைகட்குப் பெயர்பெற்ற அவ்வூர்ப் பெயரை ‘வேடர்களின் சிற்றூர்’ என விளக்கும் வழக்கம் சுற்றுலா நூல்களிற் பரவியுள்ளது. வேடர் என்பது பற்றி ஈண்டு வழக்கில்லை. ‘தாங்கல்’ என்பதற்குச் சிற்றூர் என்னும் பொருள் எங்கிருந்து வந்தது? பெயரால் குறிக்கப்படுவது இன்று ஓர் ஊராதலின், பெயரின் ஈறும் ஊரென்னும் பொருளதாகவே இருக்கவேண்டும் என்று கொண்டமையே காரணம். ஆனால் அவ்வூரின் உயிர்நாடியோ ஓர் ஏரி. பறவைகள் தங்குவது அதன் நீரிடை நிற்கும் மரங்களில். எச்சம் கலந்த அந்நீர் கழனிக்கு உரமாதலின் ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவந்தனர். 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த பிளேசு என்பார் அக்காவலுக்கு எழுத்துமூலம் உறுதி அளித்தார் என்ப. அவ்வூரின் வரலாறு முழுதும் நீர்நிலையின் வரலாறாயிருக்க, பெயரிலுள்ள நீர்நிலைச்சொல்லை மட்டும் சிற்றூர் எனப் பெயர்த்தல் வியப்பினும் வியப்பன்றோ?

ஆகவே ஊர்ப்பெயர் ஒரு சொல் இருந்தது என்பதற்குச் சான்று. எப்பொருளில் இருந்தது என்பதற்குத் தானே சான்றாகாது. ‘அடுத்த நிலையம் பழவந்தாங்கல்’ என வண்டியில் ஒலிக்கும் அறிவிப்பே இன்று இச்சொல் மிகுதியாகப் பயிலும் தொடர். அத்தொடரில் ‘தாங்கல்’ ஒலியாக வாழ்கின்றது, பொருளாக வாழவில்லை.

இச்சொல்லின் பிறப்பு அரியதன்று. தாங்கு என்னும் வினையடி, பொறுத்தலையும் தடுத்து நிறுத்தலையும் குறிக்கும். ஓடும் நீரைத் தடுத்துத் தன்கண் பொறுப்பது தாங்கல். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் ‘ஏந்தல்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பல உள. அங்கு ஏந்தல் என்பது சிறு நீர்நிலை. தாங்குதலும் ஏந்துதலும் ஒத்த பொருளன. வடக்கே தாங்கல், தெற்கே ஏந்தல் என ஒரே எண்ணம் இருவேறு வினையடிகளிற் பிறந்துள்ளமை, ஒன்றன் பொருளுக்கு மற்றொன்று துணையாவதாகும். ‘ஏந்தல்’ என்றவுடன் பெருமையிற் சிறந்தோன் என்னும் பொருளையே நம் மாணாக்கர் எழுதுவர். அது செய்யுள் மேற்கோளின் வலிமை. நீர்நிலைப்பொருள் மேற்கோளின்மையின் மறைந்தது.

5. படைத்துக்கொண்ட தொடரின் குறைகள்

அருஞ்சொல்லைச் சொற்றொடரில் அமைத்து எழுதுக என்பது நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெடுங்காலமாக இருந்துவரும் பயிற்சி. அதன் நோக்கம் நன்றே. ஆயின் அதனால் விளையும் தொடர்களை ஆராயின் மூவகைக் குறைகள் புலப்படும்.

முதலாவது, வெற்றுத்தொடர். ‘யான் அகராதியில் மல்லல் என்னும் சொல்லைக் கண்டேன்’ என எழுதுவான் மாணவன். இலக்கணப்பிழை இல்லை, ஆயின் தமிழிலுள்ள எச்சொல்லையும் அவ்விடத்து வைக்கலாம். மாற்றுச் சோதனையில் இது முதற்கண்ணே வீழும்.

இரண்டாவது, மாற்றுத்தொடர். வளம் என வரவேண்டிய தொடரை எழுதி, வளத்தை நீக்கி மல்லலை வைத்தல். ‘எங்கள் ஊரின் மல்லல் பெருகியது’ என்பது அத்தகையது. பொருள் பிழையன்று; வழக்கே பிழை. பழைய செய்யுட்களில் மல்லல் என்பது ஊர், நகர், உலகு முதலிய பெயர்கட்கு முன் அடையாக நிற்றலே பெரும்பான்மை. அதனைத் தனிப்பெயராக்கி எழுவாயாக நிறுத்துதல், அச்சொல் வாழ்ந்த இடத்தினின்று அதனைப் பெயர்த்தெடுத்தலாகும். இவ்வாறே, ‘உறு’ என்பது உறுபசி எனப் பெயரோடு ஒட்டியே மிகுதிப்பொருள் தரும். ‘எனக்குப் பசி உறுவாக உள்ளது’ எனின் அது தமிழாகாது. ஒரு சொல் எதற்கு முன் நிற்கும், எதனோடு கூடும், எதனோடு கூடாது என்பதும் அதன் பொருளின் கூறே. பொருளைக் கற்பித்து வழக்கைக் கற்பியாவிடின் பாதியே கற்பித்தோமாவோம்.

மூன்றாவது, அணித்தொடர். சொல் அரிதென்பதற்காகவே அதனைச் சுற்றி உயர்ந்த நடையை எழுப்புதல். ‘தாங்கல்’ போன்ற உழவர் சொல்லையும் செய்யுள்நடையில் அமர்த்தினால், கற்பான் அதனைப் பழஞ்செய்யுட்சொல் என்றே கருதுவான். சொல்லின் தரநிலை பிறழ்ந்துவிடும். உழவர் பேச்சில் வாழும் சொல்லுக்கு உழவர் பேச்சே எடுத்துக்காட்டு. அத்தொடரைக் கொச்சையென நீக்குதலும், திருத்தி எழுதுதலும் சான்றையழித்தலாகும். ஏட்டுப்பாடத்தைத் தம் விருப்பம்போல் திருத்துவாரைக் கடிந்துரைக்கும் நாம், வாய்மொழிப்பாடத்தைத் திருத்துங்கால் அக்கடுமையைத் தளர்த்துதல் முறையன்று.

இவற்றிற்கு மறுப்பாக ஒரு கருத்து உண்டு; அது மதிக்கத்தக்கது. சங்கச்செய்யுள் மேற்கோள் தொடக்கநிலை மாணவர்க்கு விளங்காது. ஓர் அருஞ்சொல்லை விளக்கப் பத்து அருஞ்சொற்களைக் காட்டுதல் பயனில்லை. ஆகவே எளிய தொடரைப் படைத்துத் தருதலே நன்று என்பர். இதில் உண்மை உளது. சிலப்பதிகாரத்திற்கு அரும்பதவுரை எழுதியவர் சொற்பொருள் மட்டும் சுருங்கக் கூறிச் சென்றார். பின்வந்த அடியார்க்குநல்லார் மேற்கோள்களை மிகுதியாகத் தந்து விரித்தார். இருவர்க்கும் பயனுண்டு, முன்னவர் உரை நூலை விரைந்து கற்பார்க்கும், பின்னவர் உரை ஆழ்ந்து ஆய்வார்க்கும் உதவும். அதுபோலப் படைத்த தொடரும் இருக்கலாம். ஆயின் அது படைத்தது என்னும் குறியோடு இருக்கவேண்டும். ஆசிரியர் புனைந்ததனையும் மக்கள் வழங்கியதனையும் வேறுபாடின்றி ஒரே எழுத்தில் அச்சிடுதல், பிற்காலத்து ஆய்வாளனை ஏமாற்றுதலாய் முடியும்.

படைத்த தொடரே உயிர்பெற்று வழக்காதலும் உண்டு. பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரை 1916-இல் தனித்தமிழாக்கிக்கொண்டபின், வழக்கிழந்த பழஞ்சொற்கள் பலவற்றைத் தம் உரைநடையில் இடையறாது ஆண்டார். அத்தொடர்கள் அவர் படைத்தனவே. ஆயின் அவை ஒரு கருத்தை உரைப்பதற்கு எழுந்தன. சொல்லைக் காட்டுவதற்கு எழுந்தனவல்ல. அதனாலேயே அவருட் பல சொற்கள் மீண்டும் பலர் வழக்கிற்கு வந்தன. தேவை பிறப்பித்த தொடர் வாழும். பயிற்சி பிறப்பித்த தொடர் விடைத்தாளோடு மறையும்.

6. ஏன் இதனை இப்போது கூறுதல் வேண்டும்?

சென்னையின் தென்புறம் இரண்டு தலைமுறைக்குள் மாறிவிட்டது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து பெயர்ந்து வந்தபோது, தாம்பரம் நகருக்குப் புறத்தே கிடந்த ஊர். 2021-இல் தாம்பரம் தனி மாநகராட்சியாயிற்று. பல்லாவரமும் சேலையூரும் மாடம்பாக்கமும் அதனுள் அடங்கின. கழனிகள் மனைகளாயின. கழனி மறைந்தவிடத்து மதகு, கலங்கல், தாங்கல் ஆகிய சொற்களுக்கு வேலையில்லை. வருவாய்த்துறைப் பதிவுகளில் மட்டும் தாங்கல் என்னும் பெயர் இன்றும் நீர்நிலையைக் குறித்துக் கிடக்கின்றது. அதனைப் படிப்பார்க்கோ பொருள் தெரிவதில்லை.

2015-ஆம் ஆண்டு திசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்தது. ஒரு சொல்லை மறந்தமையால் வெள்ளம் வந்தது என்று கூறுதல் பேதைமை. மழையும், நிலத்தின் சரிவும், அடைபட்ட நீர்வழிகளும் அதன் காரணங்கள். ஆயின் நீர் எங்கு நிற்கும் என்பதனை முன்னோர் நிலத்திற்கு இட்ட பெயரிலேயே எழுதிவைத்தனர் என்பதும், அவ்வெழுத்தைப் படிக்கும் ஆற்றலை நாம் இழந்தோம் என்பதும் மறுக்கவொண்ணாதன. மொழித்துறையார் செய்யக்கூடியது சிறிது. அச்சிறிதையேனும் செய்தல் வேண்டும்.

முதுகலை, ஆராய்ச்சி மாணாக்கர்க்கு யான் வேண்டிக்கொள்வன மூன்று. ஆய்வேட்டில் வட்டாரச்சொல் ஒன்றைக் குறிக்குங்கால், பொருளை மட்டும் எழுதாது, அதனைக் கேட்ட தொடரைக் கேட்டவாறே எழுதுக. ஊரும், கூறியவர் தொழிலும், ஆண்டும் உடன் குறிக்க. தாம் படைத்த தொடராயின் அதனை வெளிப்படையாகக் கூறுக. எத்தொடரையும் மாற்றுச் சோதனைக்கு உட்படுத்தி, பிறசொல் புகுந்தால் சிதையும் தொடரையே தேர்ந்துகொள்க. ஒருவர் பத்துச் சொற்களுக்கு இவ்வாறு செய்யினும், ஒரு துறையில் சில ஆண்டுகளில் எந்த அகராதியிலும் இல்லாத கருவூலம் ஒன்று திரளும்.

இம்முயற்சிக்குக் காலம் நீண்டதன்று. மறு ஆண்டு அம்முதியவரைக் காணச் சென்றேன். கழனியை விற்றுவிட்டதாகக் கூறினார். தாங்கலைப் பற்றி மீண்டும் வினவினேன். நான் அகராதிக்காகக் கேட்கின்றேன் என்பதனை இம்முறை அவர் அறிந்திருந்தார். சற்றே எண்ணி, “தாங்கல்னா சின்ன ஏரிங்க” என்றார். அது பொருள் விளக்கம். முன்னர்க் கூறியது வழக்கு. இரண்டனுள் எதனை இழந்தால் மீட்க இயலாது என்பதனை அறிஞர் உணர்வர்.